ஆண்டுத் திட்டத்தில் அணித் தலைவருக்கு என்ன வேலை? சேலம் சாரணர் படைகளுக்கு ஒரு கணக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சாரணர் படைகள் எழுதி வைக்கும் ஆண்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ஆகஸ்ட் 15 கொடியேற்றம், அக்டோபர் 2 தூய்மைப் பணி, நவம்பர் 7 பாரத சாரண சாரணியர் இயக்கம் தொடங்கிய நாள், ஜனவரி 26 அணிவகுப்பு, பிப்ரவரி 22 சிந்தனை நாள், நடுவில் எங்கோ ஒரு ஏற்காடு கேம்ப். தேதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தாளின் வலப்பக்கம் ஒரு கோடு போட்டு, "இதில் பிள்ளைகள் எடுக்க வேண்டிய முடிவு என்ன?" என்று ஒரு கட்டம் சேர்த்து நிரப்பிப் பாருங்கள். முக்கால்வாசி காலியாகவே கிடக்கும். கொடியேற்றத்தில் வரிசையில் நிற்கிறார்கள், கேம்ப்பில் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒழுங்கு வரும், தலைமை வராது.

ஒரு பையனால் ஒரு நிகழ்ச்சியைக் கெடுக்க முடியும் என்றால்தான் அதை அவன் நடத்துகிறான் என்று அர்த்தம். சாம்பாரில் உப்பில்லாமல் போகலாம், பஸ்ஸை விட்டுவிடலாம், பிஸ்கட் வாங்க வைத்திருந்த பணம் பத்தாமல் போகலாம். கெட்டால் வயிறு காயட்டும், எலும்பு மட்டும் முறியக் கூடாது என்ற எல்லைக்குள் அந்தக் கெடுதலை நிறுத்தி வைப்பதுதான் சாரண ஆசிரியரின் வேலை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவரைப் போட்டு, பொறுப்பை அவர்களிடம் விட்டார். அணி முறை என்பது அங்கிருந்து வந்தது. சீருடை, விசில், அணிக்கொடி எல்லாம் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றன. பொறுப்பைக் கையில் கொடுப்பதுதான் நம் ஊரில் மெல்லக் கழன்றுவிட்டது.

கீழே உள்ள கணக்கெல்லாம் 32 பேர் கொண்ட ஒரு படைக்கு, அணிக்கு எட்டு பேராக நான்கு அணிகள் என்று வைத்துப் போட்டது. சாரணியர் படைக்கும் இதே கணக்குதான்; பெண் பொறுப்பாளர் உடன் வருவது மட்டும் எந்தச் சாக்கிலும் தளர்த்தக் கூடாத விதி.

எத்தனை சனிக்கிழமை மிஞ்சும்?

ஜூன் தொடங்கி பிப்ரவரி முடிய ஏறக்குறைய 39 சனிக்கிழமைகள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு நான்கு போகும். விடுமுறையில் ஊருக்குப் போவது இரண்டு. தீபாவளி, பொங்கல் இரண்டு. ஆடிப் பண்டிகை வாரத்தில் சேலத்தில் கூட்டம் வைத்தால் பாதிப் பேர்கூட வரமாட்டார்கள். கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கித் தெருவுக்குத் தெரு அம்மன் விழா நடக்கும்போது எந்த வீட்டில் பையனை அனுப்புவார்கள்? செப்டம்பர், அக்டோபரில் மழை மூன்று நான்கைத் தின்னும். பள்ளி வேலைநாளாக அறிவிக்கிற சனிக்கிழமைகள் வேறு. கடைசியில் 24 கிடைத்தால் பெரிது.

40 நிகழ்ச்சி எழுதிவிட்டு 24-ஐ நடத்துகிற படையில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: திட்டம் என்பது நடக்காமல் போகிற விஷயம். ஆகவே முதலிலேயே 20-க்கு மட்டும் எழுதுங்கள், நான்கைக் காலியாக விடுங்கள். 20-ல் 12 சாதாரண வாரக் கூட்டம், நான்கு ஒருநாள் அல்லது அரைநாள் வெளிப்பயணம், இரண்டு சேவை, மலையில் ஒரு இரவு முகாம், ஒரு முழுநாள் திட்டமிடல். அந்தத் திட்டமிடல் நாளைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். அதை வெட்டினால் மற்ற 19-ம் ஆசிரியரின் திட்டமாகவே இருக்கும். ஜூன் மூன்றாவது வாரம் வைப்பது நல்லது. சேர்க்கையும் முடிந்திருக்கும், பாடச் சுமையும் ஏறியிருக்காது.

மார்ச், ஏப்ரலைத் தொடவே வேண்டாம். பொதுத்தேர்வு ஒருபக்கம், சேலத்து வெயில் ஒருபக்கம்.

யார் தலைவர்?

நன்றாகப் படிக்கிறவன், உயரமானவன், குரல் கனமானவன் என்று பார்த்து அணித் தலைவர் போடுவது வழக்கம். வகுப்பைப் பார்த்துப் போடுவதுதான் நடைமுறைக்குச் சரி. பத்தாம் வகுப்புப் பையனை ஜூனில் தலைவனாக்கினால் நவம்பரில் ஸ்பெஷல் கிளாஸ் அவனை இழுத்துக்கொள்ளும். ஜனவரி முகாமுக்கு அணி தலையில்லாமல் போகும். ஒன்பதாம் வகுப்பில் தலைவர், எட்டாம் வகுப்பில் துணைத் தலைவர் என்று வைத்தால் வருடம் முழுக்க ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட திறன் ஒன்றைக் கற்றுத்தரும் வேலை கொடுக்கலாம். அரையாண்டுக்குப் பிறகு அவர்கள் மேல் எந்தப் பொறுப்பும் வைக்காதீர்கள்.

தலைவரை அணியே தேர்ந்தெடுக்கட்டும், ஆசிரியர் ஒப்புதல் தரட்டும். தேர்தலில் ஜெயிப்பவன் பெரும்பாலும் கிரிக்கெட் கேப்டன்தான். பரவாயில்லை. ஆனால் மீதி ஏழு பேருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை இருக்க வேண்டும்: துணைத் தலைவர், கணக்கு எழுதுபவர், பொருள் காப்பவர், சமையல் பொறுப்பு, முதலுதவிப் பெட்டி, அணிப் பதிவேடு, தண்ணீரும் சுத்தமும். இதோடு ஒவ்வொரு வெளிப்பயணத்துக்கும் "இந்தப் பயணத்தின் பொறுப்பாளர்" என்று வேறொருவர். தலைவர் வருடம் முழுக்க அவரே. பயணப் பொறுப்பாளர் மட்டும் சுற்றில் மாறிக்கொண்டே இருப்பார். நான்கு வெளிப்பயணம், இரண்டு சேவை என்றால் அணியில் ஆறு பேர் வருடத்தில் ஒரு தடவையாவது முழுப் பொறுப்பைத் தூக்கியிருப்பார்கள். கூச்சப்படுகிற பையனுக்கு முதல் சுற்றிலேயே கொடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் அதற்குள் ஒரு சாக்கு கண்டுபிடித்துவிடுவான்.

கோர்ட் ஆஃப் ஹானர் என்ற அரைமணி நேரம்

நான்கு அணித் தலைவர்களும் துணைத் தலைவர்களும் மாதம் ஒருமுறை உட்காரும் கூட்டம். விதிப்புத்தகத்தில் எல்லாப் படைக்கும் இருக்கிறது. நடப்பது சில படைகளில்தான். அங்கேயும் ஆசிரியர் 25 நிமிடம் பேசி, "என்னடா, சரிதானே?" என்று கேட்க, எட்டு பேரும் "சரிங்க சார்" என்பதோடு முடியும்.

உட்காரும் விதத்திலேயே இதை மாற்றிவிடலாம். வட்டமாக எட்டு பேர். தலைமை தாங்குவது தலைவர்களில் மூத்தவர். ஆசிரியர் வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில், கையில் நோட்டோடு. மேலே இரண்டு மணி நேர வேலை இருந்தாலும் கூட்டத்தில் முடிவெடுக்கும் விஷயம் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் நான்கு அணியும் வரிசையாகச் சொல்ல வேண்டும், சின்ன அணியிலிருந்து தொடங்கி. தங்கள் கருத்தை அல்ல, முந்தின வாரம் அணிக் கூட்டத்தில் பிள்ளைகள் சொன்னதை. "எங்க அணியில அஞ்சு பேர் மூக்கனேரிங்கறாங்க, மூணு பேர் குரும்பப்பட்டிங்கறாங்க" என்று ஒரு தலைவர் சொல்லும்போதுதான் தன் அணியிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரியும். "எல்லாத்துக்கும் ஓகேங்க" என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். அவரைத் திருப்பி அனுப்பி, அடுத்த வாரம் பதில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தடவை அனுப்பினால் போதும்.

ஆசிரியருக்கு இரண்டு உரிமை உண்டு. பாதுகாப்பு, பணம், பள்ளி விதி என்ற மூன்றில் எதையாவது மீறினால் "இது முடியாது" என்று சொல்லலாம், காரணத்தோடு. மற்ற எதிலும் கேள்வி மட்டும் கேட்கலாம். "திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு?" என்பது கேள்வி. "நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சிருங்க" என்பது முடிவு. முதலாவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது பெரியவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பயிற்சி.

முடிவுகளை ஒருவர் அங்கேயே எழுத வேண்டும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். பெயர் இல்லாத வேலை நடக்காது.

வாரக் கூட்டத்தின் 90 நிமிடம்

கொடியும் சோதனையும் 10, அணி மூலை (ஒவ்வோர் அணியும் தனியாகக் கூடும் நேரம்) 25, திறன் பயிற்சி 25, விளையாட்டு 20, முடிப்பு 10. நேரம் பத்தாதபோது எல்லோரும் அணி மூலையைத்தான் வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டியது திறன் பயிற்சியை.

திறனை 32 பேருக்கும் ஆசிரியரே முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தால் தலைவருக்கு வேலை இல்லை. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு தலைவர்களை மட்டும் வைத்து 20 நிமிடம் சொல்லிக்கொடுங்கள். சனிக்கிழமை அவரவர் அணிக்கு அவரவரே சொல்லட்டும். இதில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். க்ளோவ் ஹிட்ச் முடிச்சை இரண்டு வளையம் போட்டுக் கழியின் நுனியில் மாட்டத்தான் கற்றிருப்பார்கள். இரண்டு முனையும் அடைபட்ட மரத்தில் கட்டச் சொன்னால் கை நின்றுவிடும். ஆகவே புதன்கிழமையே ஜன்னல் கம்பியில் கட்ட வையுங்கள், அங்கே நுனியே கிடையாது. இன்னொன்று, அணித் தலைவர் எதிரே நின்று சொல்லிக்கொடுப்பார். பார்க்கிற பிள்ளைக்கு இடது வலது மாறிப்போகும். பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நின்று கட்டிக்காட்டச் சொன்னால் பாதி நேரத்தில் முடியும்.

கழிகளை இணைத்துக் கட்டுவதற்குக் கயிற்றளவு: இரண்டு கழியின் விட்டத்தையும் கூட்டி, ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கெஜம். இரண்டு அங்குல மூங்கில் இரண்டு என்றால் நான்கு கெஜம், ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்கொயர் லேஷிங்கில், அதாவது கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் கட்டில், மூன்று சுற்று, குறுக்கே இறுக்கும் சுற்று இரண்டு. கட்டு ஆடுகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தடவை அந்தக் குறுக்குச் சுற்றில் இழுப்பு போதவில்லை. நைலான் கயிறு வழுக்கும். சணலோ தேங்காய் நார்க் கயிறோ நல்லது. இந்தக் கணக்கைத் தலைவரே போட்டு, பொருள் காப்பவரிடம் "நாலு கெஜத்துல ஆறு துண்டு" என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் வந்தால் கயிறு கிடையாது, அன்றைக்கு அந்த அணி வேடிக்கை பார்க்கட்டும்.

கைமாற்றும் வரிசை

முதல் இரண்டு மாதம் ஆசிரியர் செய்வார், தலைவர்கள் பார்ப்பார்கள். ஆகஸ்டில் ஓர் அரைநாள் நடை. கன்னங்குறிச்சி பக்கம் மூக்கனேரி நல்ல இடம். ஏரிக்குள் மண் திட்டுகள், மரங்கள், பறவைகள் என்று பார்க்க நிறைய உண்டு, சமதளம், வழி தப்ப வாய்ப்புக் குறைவு. இதில் தலைவரின் முடிவுகள் மூன்றே மூன்று: கரையில் எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது. தூரத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 100 மீட்டருக்கு 75 முதல் 80 இரட்டை அடி (இடது, வலது சேர்ந்து ஒன்று) வரும். ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையைப் பள்ளி மைதானத்திலேயே அளந்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆடிப் பண்டிகையை விடுமுறையாக விடுவதற்குப் பதில் சேவையாக மாற்றலாம். எப்படியும் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். கோயில் நிர்வாகத்துக்கும் போலீஸுக்கும் மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுத்து, தண்ணீர்ப் பந்தலும் செருப்புக் காப்பகமும் கேளுங்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கேட்காதீர்கள். 13 வயதுப் பையன் கயிற்றைப் பிடித்து ஆயிரம் பேரைத் தடுக்க முடியாது. அணிக்கு 45 நிமிடம், பிறகு அடுத்த அணி. இந்த மாற்றும் அட்டவணையைத் தலைவர்கள் போட வேண்டும். எல்லோரும் முதல் ஷிஃப்ட் கேட்பார்கள், ஏனென்றால் அப்புறம் ராட்டினம் சுற்றலாம். அந்தத் தகராறை ஆசிரியர் தீர்க்கக் கூடாது. அதைத் தீர்ப்பதுதான் பயிற்சி.

நவம்பரில், மழை ஓய்ந்த ஒரு வாரம், முழுநாள் பயணம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவோ கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலோ. சித்தர் கோயிலுக்கு அமாவாசையன்று போனால் கூட்டத்தில் பிள்ளைகளைத் தேடவே நேரம் போகும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கா என்றால் விடுமுறை நாளையும் கட்டணத்தையும் பயணப் பொறுப்பாளரே விசாரித்து வர வேண்டும். பஸ் நேரம், டிக்கெட் கணக்கு, சாப்பாடு எல்லாம் அணி கையில். அணிக்கு ரூ.300 கொடுத்து, எட்டு பேருக்கு ஒருவேளை சமைத்த சாப்பாடு வர வேண்டும் என்று சொல்லுங்கள். முந்தின நாள் மாலை உழவர் சந்தைக்கு இருவர் போய் வாங்குவார்கள். பில் இல்லாத இடத்தில் எழுதி வாங்கி வர வேண்டும். மிச்சம் பிடித்தால் அணியின் பணம். அடுத்த பயணத்தில் சேரும். இந்த ஒரு விதி பிள்ளைகளின் பேரம் பேசும் திறமையை எங்கோ கொண்டுபோய்விடும். தட்டுவடை செட்டுக்கு மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு வருகிற அணியும் ஒன்று இருக்கும், திட்டாதீர்கள். பக்கத்து அணி சோறு பொங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தாலே போதும்.

ஏற்காடு முகாம்: எப்போது, எங்கே

மே மாதம் கோடை விழாக் கூட்டம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, தங்குமிடம் கேட்கவே வேண்டாம். பிப்ரவரி நடுவிலிருந்து காடு காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததிலிருந்து வனத்துறை அனுமதி இல்லாத நடை எதுவும் கூடாது. தீக்காலத்தில் கேட்கவே கூடாது. இதையெல்லாம் கழித்தால் பொங்கலுக்கு முந்தைய வாரக்கடைசிதான் மிஞ்சுகிறது. சனி காலை ஏறி ஞாயிறு மாலை இறங்கலாம்.

இடம், பள்ளி வளாகமோ அனுமதி பெற்ற எஸ்டேட்டோ. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம், எஸ்டேட்டில் களமும் ஆட்களும் வேலையில் இருப்பார்கள். அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். கூடாரம் கட்ட சில்வர் ஓக் கிளையை வெட்டுவது, மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கயிறு கட்டுவது இரண்டும் ஒரே நாளில் படையை வெளியேற்றிவிடும். கழிகளைச் சேலத்திலிருந்தே கொண்டுபோங்கள்.

அணித் தலைவர்களோடு டிசம்பர் முதல் வாரம் ஒரு நாள் முன்கூட்டிப் போய்ப் பார்த்துவருவது கட்டாயம். அவர்கள் எழுதி வர வேண்டியவை: குடிநீர் எங்கே, கழிப்பறை எத்தனை, மழை வந்தால் 32 பேர் ஒதுங்கக் கூரை உண்டா, செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது, அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், கடைசி பஸ் எப்போது. "நல்ல இடம், ஜாலியா இருக்கும்" என்று எழுதி வருகிறவருக்கு இதே தாளைத் திரும்பக் கொடுங்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பிட்டாக வேண்டும். வாந்தி எடுப்பவர்களின் பெயர் ஏற்கெனவே அணிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவர்கள் பஸ்ஸின் முன்பக்கம், கையில் கவர். இது முதலுதவிப் பொறுப்பாளரின் வேலை, ஆசிரியருடையது அல்ல.

குளிர் பற்றிச் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கற்பனையே கிடையாது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் 1100 முதல் 1200 மீட்டர் வித்தியாசம். ஊரில் இரவு 19 டிகிரி என்றால் மேலே 12. ஸ்வெட்டர் எல்லோரும் எடுத்து வருவார்கள். அடியில் விரிக்கத் தடித்த விரிப்பு யாரும் எடுத்துவரமாட்டார்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பையைக் கிளம்பும் முந்தின நாள் அணி மூலையில் பிரித்துக் காட்டும் சோதனையைத் தலைவர் நடத்தட்டும்.

சாப்பாட்டுக் கணக்கு

முகாமில் தலைமை என்பது அடுப்படியில்தான். 32 பேருக்கும் ஒரே சமையல்காரர் வைத்தால் முகாம் டூர் ஆகிவிடும். அணிக்கு ஒரு அடுப்பு, ஒரு 5 கிலோ சிலிண்டர். இரண்டு நாளைக்குத் தாராளம். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போகும் பேச்சே வேண்டாம்.

எட்டு பேர், நான்கு வேளை. சனி மதியம் சாதம் சாம்பார், இரவு ரவா உப்புமா, ஞாயிறு காலை வெண்பொங்கல், மதியம் எலுமிச்சைச் சாதம். அரிசி மொத்தம் இரண்டரை கிலோ: சாம்பார் சாதத்துக்கு ஒரு கிலோ, பொங்கலுக்கு அரை, எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரவை முக்கால் கிலோ. பருப்பு அரை கிலோ, அதுவும் பாசிப்பருப்பு. இதற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது என்று பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள். குக்கர் இருந்தால் துவரை, இல்லாவிட்டால் பாசி. சாதத்துக்கும் ஊரில் ஆகும் நேரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அரிசியை அரைமணி ஊறவைத்துவிடுங்கள். வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி ஒரு கிலோ, மற்ற காய் ஒரு கிலோ, எண்ணெய் அரை லிட்டர், உப்பு கால் கிலோ, எலுமிச்சை எட்டு. தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர், அதாவது அணிக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. கழுவுவதற்குத் தனி.

இந்த லிஸ்ட்டை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். மெனுவை அவர்கள் முடிவு செய்து, வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ அளவு கேட்டு எழுதி வரட்டும். ஆசிரியர் தன் கையில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் இது. 20 சதவீதம் கூடக் குறைய இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பாதிதான் இருக்கிறது என்றால், "எட்டு பேருக்கு எத்தனை டம்ளர்னு போட்டுப் பாருப்பா" என்று ஒரு வார்த்தை.

மறந்துபோகும் சாமான்கள் எப்போதும் ஒன்றேதான்: கரண்டி, இடுக்கி, லைட்டர், தேய்க்கும் நார். மலைப் பனியில் தீப்பெட்டி நமுத்துவிடும். எண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வருவார்கள், அது ஒழுகி ரவையில் இறங்கும். குரங்குகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூடி பூட்டும் இரும்புப் பெட்டி இல்லாத அணிக்கு ஞாயிறு காலை பொங்கல் கிடையாது.

நடையும் திரும்பும் நேரமும்

ஞாயிறு காலை ஏரிப் பக்கத்திலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடக்கலாம், சுமார் 5 கிலோமீட்டர், ரோடு வழி. கோயில் இருக்கும் உச்சி 1623 மீட்டர், மலைத்தொடரிலேயே உயர்ந்த இடம். பிள்ளைகளோடு கணக்குப் போடும்போது மணிக்கு 3 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்று வையுங்கள். போக இரண்டரை மணி நேரம் என்று வரும். ஒன்றரையில் போய்விடலாம் என்று தலைவர்கள் வாதாடுவார்கள். அவர்கள் கணக்கையே எழுதவிட்டு, திரும்பும் நேரத்தை மட்டும் கறாராக எழுத வையுங்கள்: "9.30 ஆனா எங்க இருந்தாலும் திரும்பணும்." கோயிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திரும்பச் சொல்லும் தைரியம் ஒரு 14 வயதுத் தலைவருக்கு வந்துவிட்டால் அந்த வருடத்து முகாம் வெற்றி.

நடையில் முன்னால் போவது பயணப் பொறுப்பாளர், கடைசியில் துணைத் தலைவர், வேகம் அணியிலேயே மெதுவாக நடப்பவருடையது. ஒவ்வோர் அணியோடும் ஒரு பெரியவர், 20 மீட்டர் பின்னால். எஸ்டேட் பாதைகளில் காட்டெருமை உண்டு. காலை ஆறரைக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும் வளாகத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. ஜனவரியில் ஆறு மணி சுமாருக்கே இருட்டிவிடும். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். தனியாக நிற்கும் கடா என்றால் இரட்டிப்புத் தூரம்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம், ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி விவரம், எடுத்துக்கொள்ளும் மாத்திரை, 108 இதெல்லாம் பெரியவர்கள் கையில்தான். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கும் நிலை எப்போதும் வரக் கூடாது. இதில் பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுக்க ஒன்றுமில்லை.

முடிந்தபின் 15 நிமிடம்

ஒவ்வொரு வெளி நிகழ்ச்சிக்கும் பிறகு அணி மூலையில் மூன்று கேள்வி: எது திட்டப்படி நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த தடவை யார் எதை மாற்றுவார். முதலில் சின்னப் பிள்ளைகள் பேச வேண்டும், அப்புறம் பொறுப்பாளர், கடைசியில் தலைவர். ஆசிரியர் கேட்டால்தான் பேச வேண்டும். ஆசிரியர் முதலில் வாயைத் திறந்தால் மீதி எட்டு பேரும் அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சோபான் எனப்படும் சாரணர் படிநிலைத் தேர்வுகளை இந்த நிகழ்ச்சிகளுக்குள்ளேயே முடித்துக்கொள்வது உத்தமம். ஒரு சோபானுக்கும் அடுத்ததற்கும் நடுவே கட்டாய மாத இடைவெளி உண்டு, ஆகவே ஜூனிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே அடுத்த சோபானுக்குத் தகுதி வரும் மாதத்தை எழுதிவிடுங்கள். மாவட்ட முகாமின் சுற்றறிக்கை வந்தபின் பதிவேட்டைத் தேடுகிற படையில், இரண்டு மாதம் குறைகிறது என்று நான்கு பேராவது ஒரு வருடம் பின்தங்குவார்கள். மற்றபடி பேட்ஜ் எண்ணிக்கையை வைத்துப் படையை அளக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

பிப்ரவரியில் கடைசி ஒருநாள் பயணம். இதைத் துணைத் தலைவர்கள் நடத்துவார்கள். தலைவர்கள் சாதாரண உறுப்பினராக வரிசையில் வருவார்கள், கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள். இதுதான் அடுத்த ஜூனுக்கான உண்மையான தேர்தல். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இது முடியவில்லை என்று தெரிந்தால் வேறொருவரைத் தயார்செய்ய ஜூன் வரை நேரம் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு ஃபைல் கட்ட வேண்டும். கோர்ட் ஆஃப் ஹானர் நோட்டு, நான்கு அணிகளின் செலவுக் கணக்கு, முன்கூட்டிப் பார்த்துவந்த தாள்கள், அனுமதிக் கடிதங்களின் நகல், சாப்பாட்டு லிஸ்ட், அதில் மிஞ்சியது பத்தாதது என்ற குறிப்பு, எஸ்டேட்டிலோ பள்ளியிலோ யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம். ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அடுத்து வருகிறவர் மறுபடி கொடியேற்றத் தேதிகளிலிருந்துதான் தொடங்குவார். இந்த ஃபைல் இருந்தால் தலைவர்களே அதை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு நகல் தலைமையாசிரியர் அறை பீரோவில், இன்னொன்று புதுத் தலைவர்களிடம். கயிறு, அடுப்பு, இரும்புப் பெட்டிகளின் கணக்கைப் பழைய பொருள் காப்பவரும் புதியவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டபிறகே ஸ்டோர் ரூம் சாவி கைமாற வேண்டும். பெரும்பாலும் ஒரு கரண்டி குறையும்.